செவ்ரோலே கோர்வேர்: ஒரு பழைய காரின் வரலாறும் பராமரிப்பும்

மிச்சிகன் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆனால் 1963ஆம் ஆண்டின் கோர்வேர் மோன்சா வைத்திருப்பவரிடம் மட்டும் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது கவிழ்ந்துவிடும் கார்தானே?" அந்தக் கார் என்னிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிகளில் ஓட்டுகிறேன். பனிக்காலத்தில் உப்புத் தூவிய சாலைகளில் இறக்காமல் கொட்டகையில் நிறுத்திவைக்கிறேன். பெரும்பாலான வேலைகளை நானே செய்கிறேன். அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், அது இந்தக் காரைச் செய்தவர்களுக்கும் நியாயமாகாது, இதில் பயணம் செய்து உயிரிழந்தவர்களுக்கும் நியாயமாகாது. என்ஜின் ஏன் பின்னால் போனது, அதனால் சக்கரங்களில் என்ன மாறியது என்று தொடங்கி, டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதுவரை சொன்னால்தான் பதில் விளங்கும்.

1950களில் அமெரிக்கக் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டும் கனத்துக்கொண்டும் போயின. அதே ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்து வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சத்தமில்லாமல் வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 1958ஆம் ஆண்டின் பொருளாதார மந்தத்தில் பெரிய கார்களின் விற்பனை சரிந்தபோது, உள்நாட்டுச் சிறிய காரான ராம்ப்ளரின் விற்பனை ஏறியது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் இதைக் கவனித்து, 1960 மாடல் ஆண்டுக்கென்று ஆளுக்கொரு 'காம்பேக்ட்' காரைக் கொண்டுவந்தன. ஃபோர்டின் ஃபால்கனும் கிறைஸ்லரின் வேலியன்ட்டும் வழக்கமான அமெரிக்கக் காரைச் சுருக்கிச் செய்தவைதாம்: முன்னால் என்ஜின், அதற்கு முன்னால் தண்ணீர் ரேடியேட்டர், பின் சக்கரங்களுக்கு ஒரு நீண்ட தண்டு. செவ்ரோலே பிரிவின் பொது மேலாளராக இருந்த எட் கோல் அந்த வழியில் போகவில்லை. அவர் அடிப்படையில் பொறியாளர். 1955இல் வந்த புகழ்பெற்ற செவ்ரோலே வி-8 என்ஜினை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர். சிறிய காரில் ஆறு பேர் வசதியாக உட்கார வேண்டுமானால் தரையின் நடுவே மேடு இருக்கக்கூடாது, தண்டு இருக்கக்கூடாது, ஆகவே என்ஜின் பின்னால் போக வேண்டும் என்பது அவர் முடிவு.

1959 அக்டோபர் 2 அன்று கோர்வேர் விற்பனைக்கு வந்தது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுக்கை நிலையில் அமைந்த அலுமினிய என்ஜின். 140 கன அங்குலம், அதாவது சுமார் 2.3 லிட்டர், 80 குதிரைத்திறன். தண்ணீர் கிடையாது, காற்றினால்தான் குளிர வேண்டும். அலுமினிய என்ஜினும், காற்றுக் குளிரூட்டலும், நான்கு சக்கரங்களையும் தனித்தனியாகத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பும் ஒரே அமெரிக்கக் காரில் சேர்ந்து, லட்சக்கணக்கில் விற்கும் விலையில் வந்தது அதுவே முதல் முறை. 'மோட்டார் டிரெண்ட்' இதழ் 1960ஆம் ஆண்டின் சிறந்த காராக இதைத் தேர்ந்தெடுத்தது. என் காரின் அடையாள எண்ணின் நடுவே வரும் 'டபிள்யூ' என்ற எழுத்து, அது மிச்சிகனின் இப்சிலாண்டி அருகிலுள்ள வில்லோ ரன் ஆலையில் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் செய்யப்பட்ட அதே வில்லோ ரன் வளாகத்தில்தான் கோர்வேர் ஆலை அமைந்திருந்தது.

சிக்கனக் காராக மட்டும் பார்த்தால், முதல் ஆண்டுப் போட்டியில் ஃபால்கன் வென்றது. ஏறத்தாழ 4,35,000 ஃபால்கன்கள் விற்றபோது கோர்வேர் விற்றது சுமார் இரண்டரை லட்சம். கோர்வேருக்கு வாழ்வு கொடுத்தது 1960இன் நடுவில் வந்த மோன்சா என்ற வகை. தனித்தனி பக்கெட் இருக்கைகளும் நல்ல உள்ளலங்காரமும் கொண்ட அந்தச் சிறிய கூப்பேயை இளைஞர்கள் விரும்பி வாங்கினார்கள். 1962இல் அதற்கு, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜர் பொருத்திய ஸ்பைடர் வகை 150 குதிரைத்திறனோடு வந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரையும் இதையும்தான் டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார்கள் என்று சொல்கிறார்கள். வேன், பக்கவாட்டில் சாய்வுப்பலகை இறங்கும் பிக்கப் லாரி, ஸ்டேஷன் வேகன் என்று இதே என்ஜினில் ஒரு குடும்பமே வந்தது.

இனி சக்கரங்களுக்கு வருகிறேன். இந்தக் காரை வாங்க நினைப்பவர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும். 1960 முதல் 1963 வரையிலான கோர்வேரின் பின் ஆக்சில் 'ஸ்விங் ஆக்சில்' வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் போகும் தண்டில், என்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலை ஒட்டி மட்டுமே மூட்டு உண்டு. சக்கரத்தின் பக்கம் மூட்டு இல்லை. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது, கீல் போட்ட கதவு திரும்புவதுபோல, அது தண்டோடு சேர்ந்தே சாய்கிறது. வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது காரின் பின்பகுதி மேலே எழும்பினால், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கி, டயரின் ஓரம் மட்டும் சாலையைத் தொடும் நிலை வரும். எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்னால் இருப்பதால், பிடி விட்டுப்போனால் பின்பகுதிதான் முதலில் வெளியே வீசப்படும். முன்பக்கம் கனத்த கார்களை ஓட்டிப் பழகிய அமெரிக்க ஓட்டுநர்களுக்கு இந்த நடத்தை முற்றிலும் புதியது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை மோசமாகும். ஆனால் பயந்தவர் செய்யும் முதல் காரியமே அதுதான்.

இதற்கு நிறுவனம் வைத்திருந்த மருந்து டயர் காற்று. குளிர்ந்த நிலையில் முன் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு அழுத்தம் என்று கையேடு சொன்னது. முன்னால் காற்று குறைவாக இருந்தால் முன் டயர்கள் முதலில் வழுக்கும். வேகம் மிஞ்சுகிறது என்ற எச்சரிக்கை ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கிலேயே கிடைத்துவிடும். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் 15 பவுண்டு என்பது எந்தப் பெட்ரோல் நிலையப் பணியாளரின் கண்ணுக்கும் காற்று இறங்கிப்போன டயராகத்தான் தெரியும். அவர் நல்லெண்ணத்தோடு நான்கிலும் ஒரே அளவு காற்றை அடித்து அனுப்பிவிடுவார். ஒரு காரின் பாதுகாப்பு முழுவதையும் இப்படி எளிதில் மாறிவிடும் ஓர் எண்ணின்மேல் வைத்ததுதான் இதன் வடிவமைப்பில் நான் காணும் ஆகப்பெரிய பிழை.

அது எப்படி இருக்கும் என்பதை நானே உணர்ந்திருக்கிறேன். புது டயர் மாட்டுவதற்காக ஒரு கடையில் காரை விட்டிருந்தேன். திரும்ப எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் திரும்பியபோது, வழக்கத்தைவிட ஸ்டீயரிங் கூர்மையாகக் கடித்தது. அந்தக் கூர்மை முதலில் நன்றாகவே இருந்தது. அடுத்த நொடியில் இருக்கைக்குக் கீழே பின்பகுதி மெல்ல விலகத் தொடங்குவது தெரிந்தது. வேகம் குறைவாக இருந்ததால் காலை அப்படியே வைத்துக்கொண்டு வளைவை முடித்தேன். வீட்டுக்கு வந்து, டயர் குளிர்ந்தபின் அளந்து பார்த்தபோது நான்கிலும் 32 இருந்தது. நான் எழுதிக் கொடுத்திருந்த சீட்டு முன் இருக்கையில் அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், புறப்படும் முன் அளவுகருவியை எடுத்து நான்கு டயர்களையும் நானே பார்த்துவிடுகிறேன். இப்போதைய ரேடியல் டயர்களுக்கு முன்னால் 20, பின்னால் 30 வைக்கிறேன். எண் சற்று மாறலாம், ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் மாறக்கூடாது. காலையில் காரை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரி.

காற்றைத் தவிர இன்னும் இரண்டு காரியங்கள் செய்யலாம். முன் சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற வளைகம்பி, செலவைக் குறைப்பதற்காகத் தொடக்க ஆண்டுகளில் சாதாரணக் கார்களில் போடப்படவில்லை. 1964இல்தான் எல்லாக் கோர்வேர்களுக்கும் வந்தது. அதே ஆண்டில் பின்னால் குறுக்காக ஓர் இலை ஸ்பிரிங்கும் சேர்க்கப்பட்டு, சக்கரம் உள்நோக்கி மடங்குவது வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1963 வரையிலான காரில் முன் வளைகம்பியையும், பின் ஆக்சிலுக்குக் கீழே குறுக்காகப் பூட்டும் ஒற்றை இலை ஸ்பிரிங்கையும் தனியாக வாங்கிப் பொருத்த முடியும். என் காரில் இரண்டும் இருக்கின்றன. பொருத்துவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில், வேறெந்தச் செலவையும் தள்ளிப்போட்டு முதலில் இதைச் செய்யும்படி சொல்வேன்.

1965ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறையில் ஸ்விங் ஆக்சிலே கைவிடப்பட்டது. தண்டின் இரு முனையிலும் மூட்டு வைத்து, சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும்படி முழுவதும் புதிய பின் சஸ்பென்ஷன் வந்தது. அந்த ஆண்டில் சுமார் 2,37,000 கார்கள் தயாராயின. உருவத்திலும் அது மிக அழகிய கார். செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பத்தாண்டில் செய்தவற்றுள் என் கண்ணுக்கு அதைவிட நேர்த்தியான கோடுகள் வேறெதிலும் இல்லை.

1965 நவம்பர் 30 அன்று வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' (எந்த வேகத்திலும் ஆபத்து) என்ற நூல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது. மற்ற அத்தியாயங்கள் ஸ்டீயரிங் தண்டு, டேஷ்போர்டு, புகை என்று ஒட்டுமொத்தக் கார்த் தொழிலையும் விசாரிக்கின்றன. ஆனால் மக்கள் நினைவில் நின்றது முதல் அத்தியாயம் மட்டுமே. அவர் குற்றம் சாட்டிய ஆக்சில் அதற்குள் புதிய கார்களிலிருந்து போய்விட்டிருந்தது. ஆனால் பழைய ஆக்சிலோடு விற்கப்பட்ட லட்சக்கணக்கான கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. நிறுவனம் துப்பறிவாளர்களை அமர்த்தி நேடரின் தனிவாழ்க்கையைத் தோண்டியது அம்பலமானது. 1966 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஜேம்ஸ் ரோச், செனட் துணைக்குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, கார்களுக்குப் பாதுகாப்புத் தரங்களை விதிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசுக்கு அளிக்கும் சட்டம் கையெழுத்தானது. அந்தரங்கத்தில் அத்துமீறியதற்காக நேடர் தொடுத்த வழக்கு 1970இல் 4,25,000 டாலருக்குச் சமரசமாகத் தீர்ந்தது.

1972இல், அச்சட்டத்தின் வழியே உருவான அரசு அமைப்பு 1963ஆம் ஆண்டுக் கோர்வேரை ஃபால்கன், வேலியன்ட், பீட்டில், ரெனோ டோஃபின் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. அந்தக் காலத்து வேறு சில கார்களைவிடக் கோர்வேர் கட்டுப்பாடு இழப்பதிலோ கவிழ்வதிலோ மோசமானதல்ல என்பது அதன் சாரம். கோர்வேர் அன்பர்கள் பலர் அந்த அறிக்கையை விடுதலைப் பத்திரமாகக் காட்டுவார்கள். என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பீட்டிலும் டோஃபினும்கூட ஸ்விங் ஆக்சில் கார்கள்தாம்; அவற்றைவிட மோசமில்லை என்பது, அந்த வளைகம்பியை முதல் நாளிலேயே போட்டிருக்க வேண்டும் என்ற உண்மையை மாற்றாது. அதேபோல, கவனமாக ஓட்டினாலும் இது கொல்லும் என்று பேசுபவர்களும் சோதனை முடிவுகளைப் புறந்தள்ளுகிறார்கள். இந்தக் கார் தன்னை ஓட்டுபவரிடமிருந்து வழக்கத்துக்கு மீறிய அறிவை எதிர்பார்த்தது. அந்த அறிவை அவரிடம் கொண்டுசேர்க்க நிறுவனம் போதிய முயற்சி எடுக்கவில்லை.

அன்றாடப் பராமரிப்பில் உரிமையாளரை உண்மையில் விழிப்பாக வைத்திருப்பது ஃபேன் பெல்ட். குளிர்விக்கும் விசிறி என்ஜினின் தலைமேல் படுக்கையாகச் சுழல்கிறது. அதைச் சுழற்றும் புல்லி காரின் பின்முனையில் செங்குத்தாக நிற்கிறது. ஆகவே ஒரே பெல்ட் செங்குத்தாக ஏறி, ஒரு வழிகாட்டிப் புல்லியிலும் ஜெனரேட்டர் புல்லியிலும் திரும்பி, படுக்கையாக விசிறியைச் சுற்றி, மீண்டும் இறங்க வேண்டும். இப்படி முறுகி ஓடுவதற்கென்று செய்த பெல்ட்டைத்தான் போட வேண்டும்; அளவு ஒத்துப்போகிறதே என்று சாதாரணக் கடை பெல்ட்டைப் போட்டால் வெகு நாள் நிற்காது. பெல்ட் என்றால் நன்றாக இறுக்க வேண்டும் என்ற பொதுவான எண்ணமும் இங்கே உதவாது. மிகவும் இறுக்கினால் பெல்ட் சூடேறி, பேரிங்கும் பெல்ட்டும் சேர்ந்து கெடும். ஜெனரேட்டர் புல்லியைக் கையால் அழுத்தித் திருப்பினால் பெல்ட்டுக்குள் சற்றுச் சிரமத்தோடு வழுக்க வேண்டும். நான் வைக்கும் அளவு அதுதான். டேஷ்போர்டில் ஜெனரேட்டருக்கும் விசிறிக்கும் சேர்த்து ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. மற்றக் கார்களில் அந்த விளக்கு எரிந்தால் வீடுவரை ஓட்டிப் போகலாம். இதில் எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். பெல்ட் போய்விட்டால் விசிறி நின்றுவிடும், குளிர்விக்கத் தண்ணீரும் கிடையாது. சில நிமிடங்களில் அலுமினியச் சிலிண்டர் தலைகள் அளவுக்கு மீறிச் சூடாகி, வால்வு இருக்கை வளையங்கள் கழன்று விழும் ஆபத்து உண்டு. மாற்று பெல்ட்டும் அதைத் தளர்த்தும் ஸ்பேனரும் டிக்கியில் இல்லாமல் நான் வீட்டை விட்டு நகர்வதில்லை. டிக்கி இந்தக் காரில் முன்னால் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது ஆயில் கசிவு. கோர்வேர் என்றாலே ஆயில் ஒழுகும் என்று பலர் விதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அது விதி அல்ல. வால்வுகளை இயக்கும் 12 புஷ்ராடுகளும் என்ஜினின் அடிப்பக்கமாக 12 குழாய்களுக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் ஓர் ஓ-ரிங்; ஆக மொத்தம் 24. ஆலையில் போட்ட ரப்பர் வளையங்கள் என்ஜின் சூட்டில் காய்ந்து கெட்டிப்பட்டு ஆயிலை விட்டுவிடும். என் காரில் கழற்றிய பழைய வளையங்களை விரலால் வளைத்தபோது கண்ணாடி வளையல்போல் ஒடிந்தன. பிற்காலத்தில் வந்த 'விட்டான்' என்ற பொருளில் செய்த வளையங்கள் அந்தச் சூட்டைத் தாங்குகின்றன. வால்வு மூடியைக் கழற்றி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்திவைத்து, குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, இரு முனையிலும் புது வளையம் போட்டு மாட்ட வேண்டும். கடினமான வேலை இல்லை, பொறுமை கேட்கும் வேலை. கடைசியில் வால்வுகளைக் கையேட்டின்படி சரிசெய்வதை அவசரமாகச் செய்துவிடக்கூடாது.

ஆயில் கசிவைத் தரை அழுக்காகும் சங்கதியாக மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 1960 மாடலில் பெட்ரோலில் எரியும் தனி ஹீட்டர் இருந்தது. 1961இலிருந்து சிலிண்டர்களைக் குளிர்வித்துச் சூடான காற்றே காரின் உள்ளே திருப்பிவிடப்பட்டது. ஆகவே என்ஜின்மேல் கசியும் ஆயிலின் வாடை நேராக உள்ளே வரும். அதைவிடக் கவலை தருவது எக்ஸாஸ்ட் குழாய்கள் தலையோடு சேரும் இடத்திலுள்ள பேக்கிங். அது தேய்ந்து புகை கசிந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்தச் சூடான காற்றோடு சேர்ந்து உள்ளே வரக்கூடும். பேக்கிங்கை மாற்றாமல் ஹீட்டரைத் திறக்கவே கூடாது. வீட்டில் பயன்படுத்தும் பேட்டரி வகைக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை முன் இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறேன்; குடும்பத்தோடு போகும்போது அது இல்லாமல் ஹீட்டர் போடுவதில்லை.

மோதல் பாதுகாப்பைப் பொறுத்தவரை பெரிதாகத் தேற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஸ்டீயரிங் பெட்டி முன் ஆக்சிலுக்கும் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ஓட்டுநரின் மார்புக்கு நேராக ஒற்றை இரும்புத் தண்டு வருகிறது. முன்னால் என்ஜினும் இல்லை. மோதும்போது மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டு 1967இல்தான் வந்தது. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் பிடிக்கும் இரட்டைப் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் அதே ஆண்டில்தான் வந்தது. பழைய காரில் இரட்டைச் சிலிண்டரைப் பொருத்துவது பல மெக்கானிக்குகள் செய்து பழகிய வேலை, நான் செய்துகொண்டேன். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்துவதற்கு முன் பிரேக் திரவத்தை மாற்றிவிடுவதும் வழக்கம். இந்தக் காரில் குழந்தைகளை நான் ஏற்றுவதில்லை.

கோர்வேரை வீழ்த்தியது நேடரின் நூல் மட்டுமே என்ற பேச்சு வரலாற்றோடு பொருந்தவில்லை. 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. சாதாரண ஃபால்கனின் அடிப்பாகத்தின்மேல் கட்டிய கார் அது. நீளமான பானட்டுக்குள் வி-8 என்ஜினை வைக்க இடம் இருந்தது. கோர்வேரின் பின்பகுதியில் அதற்கு இடமில்லை. மோன்சா உருவாக்கிய சந்தையை மஸ்டாங் எடுத்துக்கொண்டது. செவ்ரோலே அதற்குப் பதிலாக 1966 செப்டம்பரில் கமாரோவைக் கொண்டுவந்தது. கோர்வேரின் உற்பத்தி 1966இல் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கும், 1967இல் சுமார் 27,000க்கும், 1968இல் சுமார் 15,000க்கும் இறங்கியது. 1969 மாடலில் செய்தது 6,000 கார்கள் மட்டுமே. அந்த ஆண்டு மே 14 அன்று வில்லோ ரன்னில் கடைசிக் கார் வெளியேறியது. மொத்தம் சுமார் 18 லட்சம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: உதிரிப்பாகம் கிடைக்காதே என்ற அச்சம் வேண்டாம். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஷெல்பர்ன் ஃபால்ஸிலிருந்து கோர்வேர் பாகங்களை மட்டுமே விற்கும் நிறுவனம் 1970களிலிருந்து இயங்குகிறது. 1969இல் தொடங்கிய கோர்வேர் சங்கத்தின் கிளைகள் நாடெங்கும் இருக்கின்றன, அவற்றின் மூத்த உறுப்பினர்கள் கேட்டதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ஜினைச் சரிசெய்யலாம், துருவைச் சரிசெய்வது பெருஞ்செலவு. இது தனிச் சட்டகம் இல்லாத உடல் என்பதால், தரைப்பலகை, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி, முன்பின் கண்ணாடிகளின் கீழ் மூலைகள், என்ஜின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு ஆகியவற்றை விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். விரிப்பைத் தூக்கவிடாத விற்பனையாளரிடம் வாங்கக்கூடாது. முதல் தலைமுறை உருவம் பிடித்திருந்தால் 1964ஐத் தேடுங்கள். ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் 1965க்குப் பிந்தையது. அதிலும் இரட்டைப் பிரேக்கும் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் உள்ள 1967ஆம் ஆண்டுக் கார் நல்ல நிலையில் கிடைத்தால், நான்கு கார்புரேட்டர் இல்லாத சாதாரண 110 குதிரைத்திறன் என்ஜினோடு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.